எழுதி மனப்பாடம் செய்த பேச்சு பாதியில் ஏன் நிற்கிறது? விவாதத்துக்கு எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மேடைப்பேச்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் ஆறு நிமிடத் தனிப்பேச்சு, அதன்பின் மூன்று வாரத்தில் இருவர் அணியாக ஒரு விவாதம். பேச்சை முழுவதும் எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் ஒப்பித்துவிட்டுப் போகிறீர்கள். நடுவில் ஒரு வரி நழுவினால் மீதியும் போய்விடுகிறது. விவாதப் பயிற்சியிலோ எதிரணியினர் பேசி முடித்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் எழுதி வந்ததையே படித்துவிட்டு உட்காருகிறீர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பயத்தை எப்படிப் போக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரித்ததில் பயத்தைப் பற்றிய செய்தி குறைவு. தயாரிப்பு நேரம் எங்கே செலவாகிறது என்பதே அதில் நிறைய இருக்கிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இத்தகைய வகுப்புகளை நடத்தியும் மாணவர் விவாதங்களுக்கு நடுவராக இருந்தும் பார்த்ததை வைத்துச் சொல்வது இது. உங்கள் ஆசிரியர் எதற்கு எவ்வளவு மதிப்பெண் தருகிறார் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. மதிப்பீட்டுத் தாளை முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதற்கு முந்தைய வாக்கியம்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது. ஆகவே ஒன்று நழுவினால், நூல் அறுந்த மணிமாலைபோல் எல்லாம் சிதறுகிறது. தமிழில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நாம் எழுதும் தமிழ் வேறு, வாயில் வரும் தமிழ் வேறு. எழுத்துத் தமிழில் அடுக்கிய பேச்சை ஒப்பித்துக்கொண்டு வரும்போது மறதி வந்தால், சமாளிப்பதற்குப் பேச்சு வழக்குக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அந்த மாற்றம் அவையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும், பேசுபவருக்கும் கேட்கும். வரி மறந்ததைவிட அந்தத் தையல் தெரிந்ததுதான் பலரைக் குலைத்துவிடுகிறது. எனவே பேச்சை எழுதுவதற்கு முன்பே, எந்த நடையில் பேசப்போகிறேன் என்று முடிவு செய்யுங்கள். மதிப்புள்ள ஒருவரிடம் நேரில் விளக்கும்போது நீங்கள் இயல்பாகப் பயன்படுத்தும் நடையே போதும். அதை முதலிலிருந்து கடைசிவரை பிடித்துக்கொண்டால், தடுமாறிய இடத்தில் புதிதாகச் சொல்லும் வாக்கியமும் மற்றவற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய ரோமானியர்கள் பேச்சுக்கலையை ஐந்து வேலைகளாகப் பிரித்தார்கள்: சொல்லத்தக்கதைக் கண்டுபிடிப்பது, வரிசைப்படுத்துவது, சொல்லாக்குவது, நினைவில் நிறுத்துவது, அவையில் நிகழ்த்துவது. சிசரோவின் காலத்திலேயே இது பாடமாக இருந்தது. இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். வெள்ளைத்தாளை எடுத்து வைத்து முதல் வாக்கியத்தை அழகாக எழுதப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வேலைகள் முடியாமல் எழுதிய பேச்சை நினைவில் வைப்பது கடினம். ஏனென்றால் அதில் நினைவில் வைக்க வரிசை என்று ஒன்று இல்லை, சொற்கள் மட்டுமே இருக்கின்றன.

நீங்கள் எடுத்திருக்கும் தலைப்பு 'தூக்கத்தின் முக்கியத்துவம்'. இது தலைப்புதான், இன்னும் பேச்சாகவில்லை. தூக்கம் முக்கியம் இல்லை என்று யாராவது மறுப்பார்களா? மறுக்க ஆளில்லாத கருத்தைச் சொல்லி யாரையும் இணங்கவைக்க முடியாது. இதையே, 'தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிப்பதை நீங்கள் நிறுத்த வேண்டும்' என்று ஆக்கிப் பாருங்கள். உடனே அவையில் பாதிப்பேர் மனத்துக்குள் மறுக்கத் தொடங்குவார்கள்: 'படிக்க வேறு நேரம் ஏது?', 'போன தடவை அப்படித்தானே தேறினேன்?' அந்த மறுப்புகள்தான் உங்கள் பேச்சின் உறுப்புகள். நான் மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பேச்சு முடிந்ததும் கேட்டவர் எதை நம்ப வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக் காட்டுங்கள். அந்த வாக்கியம் அமையும்வரை வேறு எதையும் எழுத விடமாட்டேன். சிலருக்கு இதற்கே இரண்டு நாள் ஆகும். ஆகட்டும்.

வரிசைக்கு ஆயத்தமான சட்டகம் வேண்டும் என்றால், 1930களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலை கற்பித்த ஆலன் மன்ரோ வகுத்த ஐந்து படிகள் இன்றும் வகுப்புகளில் புழங்குகின்றன: கவனத்தை ஈர்ப்பது, குறையை உணர்த்துவது, தீர்வைச் சொல்வது, தீர்வு நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவது, செயலுக்கு அழைப்பது. இணங்கவைக்கும் பேச்சுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. செய்தி சொல்லும் பேச்சுக்குப் பொருந்தாது. அங்கே இதைத் திணிக்காதீர்கள். இதைப் பின்பற்றுபவர்கள் வழக்கமாகச் சறுக்குவது முதல் படியில். கவனத்தை ஈர்க்கிறேன் என்று ஒரு கதையைத் தொடங்கி, ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். உங்கள் பேச்சுக்கு அரை நிமிடத் தொடக்கம் போதும். கனமான நேரத்தை இரண்டாம் மூன்றாம் படிகளுக்குக் கொடுங்கள். அவையிலிருந்து வரக்கூடிய மறுப்பை நீங்களே எடுத்துச் சொல்லிப் பதில் தர வேண்டிய இடமும் அதுதான்.

சொல்லாக்கத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். படிப்பவர் புரியாவிட்டால் மேலே போய் மீண்டும் படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. 'வந்து, பார்த்து, கேட்டு, அதனால் வருந்தி' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முடிவு வரும்வரை அத்தனையையும் கேட்பவர் மனத்தில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். எழுத்தில் இது அழகாகக்கூட இருக்கலாம். மேடையில் மூச்சும் போகும், பொருளும் போகும். ஒரு மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, 'இதுவரை ஏன் கூடாது என்று சொன்னேன். வேறு என்ன செய்யலாம் என்று இப்போது சொல்கிறேன்' என்பதுபோல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். தாளில் அசட்டுத்தனமாகத் தெரியும் இந்த வாக்கியங்களுக்குக் கேட்பவர்கள் நன்றி சொல்வார்கள்.

இனி ஒத்திகை. சொல்லுக்குச் சொல் நெட்டுருச் செய்ய வேண்டியவை தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களும் முடிவின் இரண்டு வாக்கியங்களும் மட்டும். நடுவில் நான்கைந்து கருத்துகளின் வரிசை தெரிந்தால் போதும். ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் கொஞ்சம் மாறி வரட்டும். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பது தயாரிப்பு போலத் தோன்றும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உரைநடைப் பகுதிகளை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்கள் சோதித்தது மேடைப்பேச்சை அல்ல, படித்ததை நினைவுகூர்வதைத்தான். ஆயினும் வகுப்பில் நான் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. ஆகவே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து நின்று, உரக்கச் சொல்லுங்கள். முதலிலிருந்தே எப்போதும் தொடங்காதீர்கள். சில முறை மூன்றாம் கருத்திலிருந்து தொடங்குங்கள், சில முறை முடிவிலிருந்து. நடுவில் எங்கே விழுந்தாலும் எழுந்து நடக்கப் பழகுவது இப்படித்தான். கண்ணாடியை நான் பரிந்துரைப்பதில்லை. மேடையில் உங்கள் முகம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்பது கசப்பாக இருக்கும், ஆனால் பயன் அதிகம்.

நேரக் கணக்குக்கு, நிமிடத்துக்கு 130 அல்லது 150 சொல் என்று ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் எண்ணைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சொற்களில் உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து ஒரு சொல்லே நீண்டுவிடுகிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆறு நிமிடப் பேச்சு ஒத்திகையில் ஐந்தேகால் நிமிடத்தில் முடிய வேண்டும். இடைவெளிகளுக்கும் சிரிப்புக்கும் தடுமாற்றத்துக்கும் மீதி போய்விடும்.

பயத்தைப் பற்றியும் கேட்டீர்கள் அல்லவா? இதில் உறுதியானதும் ஐயத்துக்குரியதும் கலந்து கிடக்கின்றன. உள்ளே படபடப்பது நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். 'அமைதியாக இரு' என்பதற்குப் பதிலாக 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது உதவுகிறது என்று 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். செலவில்லாத காரியம், செய்து பாருங்கள். ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கைகளை விரித்து நின்றால் உடலின் இயக்குநீர்கள் மாறித் துணிவு வரும் என்ற 2010ஆம் ஆண்டுக் கூற்றை நம்பாதீர்கள். 2015இல் அதிகம் பேரை வைத்துச் செய்த மறு ஆய்வில் அந்த மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல் அதை நம்பவில்லை என்று அறிவித்துவிட்டார். 'பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55' என்ற கணக்கும் அப்படித்தான். மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் சோதித்தது, ஒருவரின் விருப்பு வெறுப்பைப் பற்றிச் சொல்லும் குரலும் முகமும் முரணான செய்திகளைத் தந்தால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை. அதைக் கொண்டு உங்கள் ஆறு நிமிடப் பேச்சில் சொல் வெறும் 7 விழுக்காடு என்று சொல்பவர், அந்த ஆய்வைப் படிக்காமல் படவில்லையை மட்டும் பார்த்தவர். பேச நினைத்தாலே மூச்சு முட்டுகிறது, வகுப்பையே தவிர்க்கத் தோன்றுகிறது என்ற அளவுக்கு இருந்தால் மட்டும் அது என் துறையைத் தாண்டியது. உளநல மருத்துவரிடம் பேசுங்கள்.

விவாதம் வேறு விதமானது. தனிப்பேச்சில் கேள்வியை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். விவாதத்தில் பாதிக் கேள்விகள் எதிரே இருப்பவர் கையில் இருக்கின்றன. எழுதி வந்ததைப் படித்துவிட்டு உட்காருவதற்குக் காரணம் சொல்வன்மை இல்லாதது அல்ல. எதிரணியின் வாதத்தை முதன்முதலாக அங்கேதான் கேட்கிறீர்கள் என்பதே காரணம். எனவே தயாரிப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குக் கிடைத்த தீர்மானம் 'வகுப்பறைக்குள் கைபேசிக்குத் தடை வேண்டும்'. நீங்கள் ஒட்டிப் பேச வேண்டும். முதல் இரண்டு நாள் முழுவதும் வெட்டிப் பேசுபவராகவே இருங்கள். அவர்களுடைய வலுவான வாதங்கள் மூன்றையாவது, அவர்களே எழுதியிருந்தால் எப்படி எழுதுவார்களோ அப்படி எழுதுங்கள்: அவசரத்தில் பெற்றோரைத் தொடர்புகொள்ள வேண்டும், கைபேசி பாடத்துக்கும் உதவும் கருவி, தடை போட்டாலும் நடைமுறையில் நிற்காது. கேலிக்குரிய வடிவில் எழுதி எளிதாக முறியடித்துவிட்டு மகிழாதீர்கள். எதிரணியில் உள்ளவர் அந்த வடிவில் பேசப்போவதில்லை.

அடுத்தது தீர்மானத்தின் எல்லை. 'வகுப்பறைக்குள்' என்ற ஒரு சொல் உங்களுக்கு எவ்வளவு உதவுகிறது பாருங்கள். பள்ளி வளாகம் முழுவதும் தடை என்று நீங்கள் சொல்லவேண்டியதே இல்லை. எதிரணி அந்தப் பரப்புக்கு உங்களை இழுத்துப்போக முயலும், போகாதீர்கள். அதேபோல், நடப்பில் உள்ளதை மாற்று என்று கேட்பவர் மீதுதான் மெய்ப்பிக்கும் சுமை இருக்கிறது என்பது விவாத மரபு. 1828இல் ரிச்சர்ட் வேட்லி என்ற ஆங்கிலேயர் தன் பேச்சுக்கலை நூலில் இதைத் தெளிவாக வகுத்து எழுதினார். மாற்றம் கேட்கும் அணிக்கு முதல் பேச்சையும் கடைசிப் பேச்சையும் பல விவாத முறைகள் கொடுப்பதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். உங்கள் வகுப்பில் வரிசை எப்படி என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேச்சு யாருக்கு என்பது தயாரிப்பையே மாற்றும்.

மறுப்புரைக்கு, நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்லும் எழுவகை மதத்தைவிடக் கச்சிதமான பட்டியலை நான் பார்த்ததில்லை. மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து. நூல் எழுதுபவருக்காகச் சொன்னதுதான், ஆனால் விவாதத்துக்கு அப்படியே பொருந்துகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது என்ற இரண்டோடு அது நிற்கவில்லை. 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. எதிரி சொன்னதை முதலில் ஏற்று, பிறகு களைவது. புதிதாகப் பேசுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் தவறு என்று மறுத்தால்தான் வெற்றி என்று நினைக்கிறார்கள். 'அவசரத்தில் பெற்றோரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை நாங்களும் ஏற்கிறோம். அதற்குப் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறது. பாடம் நடக்கும்போது மேசைமேல் கைபேசி இருக்க வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது' என்று சொல்லிப் பாருங்கள். நியாயமானவர் என்ற பெயரும் கிடைக்கிறது, வாதமும் கரைகிறது. நடுவராக இருந்தபோது இப்படிப் பேசியவர்களுக்குத்தான் என் பேனா தானாக நகர்ந்தது. மற்ற நடுவர்கள் எல்லோரும் அப்படியே என்று சொல்ல மாட்டேன். ஆவேசத்துக்கு மதிப்பெண் போடுபவர்களும் உண்டு.

எதிரணி பேசும்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஊகிக்கிறேன்: உங்கள் அடுத்த பேச்சை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறீர்கள். அப்படியிருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். ஒரு தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாதத்தையும் மூன்று நான்கு சொற்களில் குறியுங்கள். வலப்பக்கம் அதற்கு நேரே உங்கள் பதிலைக் குறியுங்கள். முன்பே எழுதி வைத்த மூன்று வாதங்களில் ஒன்று வந்தால் பதில் கையில் இருக்கும். எழுந்ததும் ஒரே முறையில் பேசுங்கள்: அவர்கள் சொன்னது இது, நாங்கள் சொல்வது இது, காரணம் இது, ஆகவே இந்த இடத்தில் விவாதம் எங்கள் பக்கம் சாய்கிறது. இந்த நான்காவது பகுதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பதில் சொன்னதோடு நிறுத்திவிட்டு, அதனால் என்ன ஆயிற்று என்பதை நடுவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார்கள். எல்லா வாதத்துக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. எதை வென்றால் தீர்ப்பு மாறுமோ அதை எடுங்கள்.

இருவர் அணியில் வேலையைப் பாதிபாதியாகப் பிரிக்காதீர்கள். முதலில் பேசுபவர் வாதங்களை நாட்ட வேண்டும். இரண்டாமவர் பெரும்பாலும் மறுக்கவும் ஒப்பிடவும் வேண்டும். அதனால் இரண்டாமவர் எழுதிக்கொண்டு வரும் அளவு குறைவாகவும், எதிர்ப்பக்கத்தைப் படித்த அளவு அதிகமாகவும் இருக்க வேண்டும். முடிவுரையில் முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் எடை போடுங்கள்: யாருடைய வாதம் அதிகம் பேரைத் தொடுகிறது, யார் சொன்ன விளைவு நடப்பது அதிக உறுதி. விவாதத்துக்கு முன்னால் ஒருமுறையாவது நீங்களும் கூட்டாளியும் பக்கம் மாற்றி முழுமையாக விவாதித்துப் பாருங்கள். இந்த ஒரு மாலை, தனியாகப் படித்த பல மாலைகளுக்குச் சமம்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு விதி அனுமதித்தால், எதிரணியாக இருந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அதற்கு நன்றாக உதவும். பேச்சை எழுதித் தரச் சொல்லாதீர்கள். வாயில் வராத நடையில் மறுபடியும் ஒரு மனப்பாடம்தான் கிடைக்கும். அது தரும் புள்ளிவிவரங்களையும் மேற்கோள்களையும் மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் சொல்லவே கூடாது. 'இதை அளந்தது யார், எப்போது?' என்று எதிரணி கேட்டு உங்களிடம் பதில் இல்லை என்றால், அந்த ஒரு எண் மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

கடைசியாக, கையில் குறிப்பு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. ஆசிரியர் தடுக்காவிட்டால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாள் வேண்டாம். கை நடுங்கினால் அது அதிகமாக ஆடும், சத்தமும் போடும். உள்ளங்கை அளவு தடித்த அட்டை போதும். வாக்கியங்களை எழுதாமல் கருத்துக்கு ஒரு சொல், நினைவில் நிற்காத எண்கள், ஆட்பெயர்கள் ஆகியவற்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, அட்டைகளுக்கு எண் போட்டுவிடுங்கள். ஒத்திகையையும் அதே அட்டையோடு செய்யுங்கள். கடைசி நாளில் புதிதாக அழகாக எழுதிய அட்டையில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.